எஃப் கார்ட் வரவில்லையா? விரலைத் திட்டாதீர்கள், கிட்டாரின் ‘நட்’டைப் பாருங்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. சி, டி, ஜி, ஏ மைனர் என்று கார்ட்கள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. அடுத்தது எஃப். ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்க வைத்து அழுத்த வேண்டும். அழுத்துகிறீர்கள். இரண்டு கம்பி ஊமையாகிறது, ஒன்று ‘டொக்’ என்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது. யூட்யூபில் தேடினால் ‘பயிற்சி போதாது’ என்கிறார்கள். இன்னும் இரண்டு மாதம் பார்க்கிறீர்கள். பிறகு கிட்டார் கட்டிலுக்கு அடியில் போகிறது. ஒரு வருஷம் கழித்து, ‘அதிகம் பயன்படுத்தாதது, பையுடன்’ என்ற குறிப்போடு விற்பனைக்கு வருகிறது.

விற்பதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போவை மாட்டுங்கள். அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளி, இரண்டாவது ஃப்ரெட்டில் பிடியுங்கள். நெக்கில் மேலே போகப் போக அழுத்துவது கொஞ்சம் எளிதாவது எல்லா கிட்டாரிலும் உள்ளதுதான். ஆனால் ஒரே ஒரு ஃப்ரெட் தள்ளியதற்கு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரிந்தால், தப்பு உங்கள் விரலில் இல்லை. சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு துண்டில் இருக்கிறது. அதை மாற்றிவிடலாம். வீட்டிலேயே.

எது அந்தத் துண்டு?

போல்ட்டோடு வரும் நட்டு இல்லை. கிட்டாரின் நெக் முடிந்து, ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி தொடங்கும் இடத்தில், ஆறு பள்ளங்களோடு வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு துண்டு குறுக்கே உட்கார்ந்திருக்கும். அதுதான் நட். வீணையிலும் தம்புராவிலும் இதே வேலையைச் செய்யும் உறுப்புக்கு மேரு என்று அழகான பெயர் இருக்கிறது. கிட்டார் வாசிப்பவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் இங்கேயும் நட் என்றே வைத்துக்கொள்வோம்.

அகலம் சுமார் 42 அல்லது 43 மி.மீ. தடிமன், ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியான கிட்டார்களில் மூன்றிலிருந்து மூன்றரை மி.மீ.; கிப்ஸன் லெஸ் பால் வகையில் இன்னும் கொஞ்சம் அதிகம். கம்பிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, கம்பி நெக்கிலிருந்து எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது, அதிரும் நீளம் எந்தப் புள்ளியில் தொடங்குகிறது ஆகிய மூன்றையும் முடிவு செய்வது இந்தத் துண்டு. நடுவில் சொன்ன உயரம்தான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன், வில்லன் இரண்டும்.

பிரிட்ஜை இறக்கினால் போதாதா?

கம்பி உயரமாக இருக்கிறது என்றதும் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். கீழ்முனையில் இருக்கும் பிரிட்ஜில் சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும், ஆலன் கீ போதும், திருகிவிடலாம். நானும் அதைத்தான் செய்தேன். எஃப் கார்ட் அப்படியே இருந்தது. ஆனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பியெல்லாம் இரைய ஆரம்பித்தது.

ஏன் என்று கணக்குப் போட்டால் புரிந்துவிடும். கம்பி என்பது இரண்டு முனையில் தாங்கப்பட்ட ஒரு நேர்கோடு. ஒரு முனை நட், மறுமுனை பிரிட்ஜ். ஒரு முனையை இறக்கினால் அதற்கு அருகே உள்ள பகுதி அதிகம் இறங்கும், தூரத்தில் உள்ள பகுதி கொஞ்சம்தான் இறங்கும். கிட்டாரில் ஃப்ரெட்டுகள் இருக்கும் இடம் ஒரு நிலையான கணிதப்படி அமைவதால், எந்த கம்பெனி கிட்டாராக இருந்தாலும் விகிதம் ஒன்றுதான். நட்டில் 1 மி.மீ. இறக்கினால் முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பி 0.94 மி.மீ. இறங்கும். ஐந்தாவது ஃப்ரெட்டில் 0.75. பன்னிரண்டாவதில் சரிபாதி, 0.5. பிரிட்ஜில் 1 மி.மீ. இறக்கினால் பன்னிரண்டாவதில் அதே 0.5, ஐந்தாவதில் 0.25, முதல் ஃப்ரெட்டில் வெறும் 0.06.

நிஜ எண்களைப் போட்டுப் பார்ப்போம். என் கிட்டாரில் நட் 0.6 மி.மீ. உயரமாக இருந்தது (எப்படி அளந்தேன் என்று கீழே சொல்கிறேன்). அதைச் சரிசெய்தால் முதல் ஃப்ரெட்டில் கம்பி 0.57 மி.மீ. இறங்கும். இதே பலனை பிரிட்ஜை வைத்துப் பெற வேண்டுமானால் அதை 10 மி.மீ. இறக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர்! அவ்வளவு இறக்கினால் கம்பி ஃப்ரெட்டுகளிலேயே படுத்துவிடும். அதாவது நட் உயரமான கிட்டாரை பிரிட்ஜ் வழியாகச் சரிசெய்யவே முடியாது.

இன்னொரு பாதிப்பும் உண்டு. உயரத்தில் இருக்கும் கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் கூடுதலாக இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறும். ட்யூனர் ஆப்பைத் திறந்து, ஜி கம்பியை முதலில் விரல் வைக்காமல் சரியாக ட்யூன் செய்யுங்கள். பிறகு முதல் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். முள் வலது பக்கம் கணிசமாக ஓடுகிறதா? ட்யூன் செய்த பிறகும் சி கார்ட், டி கார்ட் கேட்க என்னவோ போல இருப்பதற்குக் காரணம் அதுதான். ‘எனக்குக் காது சரியில்லை போல’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்குக் காது ரொம்பச் சரியாகவே இருக்கிறது.

முதலில் நோயைக் கண்டுபிடிப்போம்

மாற்றுவதற்கு முன் நெக் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.2 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். அதிகமாக வளைந்திருந்தால் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்த பிறகுதான் நட் பக்கம் வர வேண்டும். வரிசை மாறினால் அளவெல்லாம் தப்பாகிவிடும்.

இப்போ நட். ஒரு கம்பியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்துங்கள். கம்பி நட்டிலிருந்து இரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராகப் போகும். நடுவில் முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். பிரின்டரில் போடும் சாதாரண ஏ4 தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன். ஒரு தாள் மட்டும் நுழைந்தால் அருமை. தடித்த கம்பிகளில் இரண்டு தாள் வரை பரவாயில்லை. எனக்கு நான்கு தாள் நுழைந்தது, 0.4 மி.மீ. முதல் ஃப்ரெட், நட்டுக்கும் இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருப்பதால், நட்டில் உள்ள உண்மையான உயரம் இதைப் போல இரண்டு மடங்கு. 0.4 இடைவெளியை 0.1 ஆக்க, 0.3 குறைய வேண்டும். நட்டில் அதன் இரு மடங்கு, 0.6. மேலே சொன்ன எண் இப்படி வந்ததுதான்.

தாளே நுழையவில்லை, கம்பி ஃப்ரெட்டில் ஒட்டிக் கிடக்கிறது என்றால் பள்ளம் ஆழமாகிவிட்டது. விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் இரைச்சல் வந்து, முதல் ஃப்ரெட்டை அழுத்தியதும் மறைந்தால் அதுவே உறுதி.

மூன்றாவது வகை நோய், கம்பி பள்ளத்தில் மாட்டிக்கொள்வது. ட்யூனரைத் திருகும்போது ஒன்றும் நடக்காமல், திடீரென ‘டிங்’ என்று சத்தம் வந்து சுருதி தாவும். கம்பியை இழுத்து வளைத்து வாசித்தபின் சுருதி இறங்கியே நிற்கும். ட்ரெமோலோ கையை அழுத்திவிட்டு விட்டால் சுருதி ஏறி நிற்கும். இதற்கு ட்யூனர்தான் காரணம் என்று நினைத்து, விலை அதிகமான லாக்கிங் ட்யூனர் வாங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் நடந்தது வேறு. 9 கேஜ் கம்பியோடு வந்த கிட்டாருக்கு 10 அல்லது 11 கேஜ் மாட்டியிருப்பார்கள். தடித்த ஈ கம்பி 1.07 மி.மீ.யிலிருந்து 1.17 ஆகிறது. பள்ளம் பழைய அளவிலேயே இருக்கிறது. இதற்கு நட்டை மாற்றக்கூட வேண்டாம், பள்ளத்தை லேசாக அகலப்படுத்தினால் போதும்.

சித்தார் மாதிரி கேட்கிறதா?

நான்காவது நோய் எனக்குப் பிடித்தது. விரல் வைக்காமல் மீட்டினால் கம்பி ‘ஸொய்ங்’ என்று சித்தார் போல ஒலிக்கும். பள்ளத்தின் அடிப்பகுதி, ட்யூனர் பக்கம் சரிவாக இறங்காமல் தட்டையாகவோ, எதிர்ப்பக்கமாகச் சரிந்தோ இருந்தால் இது வரும். கம்பி ஒரே புள்ளியில் முடியாமல் ஒரு பரப்பின்மேல் உரசி உரசி அதிர்கிறது.

கிட்டாரில் இது பழுது. நம் ஊர் வாத்தியங்களில் இதுதான் உயிர். சித்தாரின் அகலமான பிரிட்ஜை அரத்தால் நுணுக்கமாகத் தேய்த்து இந்த உரசலை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். ஜவாரி என்று பெயர். சி.வி.ராமன் கொல்கத்தாவின் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் வேலை செய்த காலத்தில், 1921-ல் தம்புராவையும் வீணையையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்கும் மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது பழைய விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை ஒலிக்கின்றன, காரணம் அந்த வளைந்த பிரிட்ஜ் என்று அவர் காட்டினார்.

இதில் நடைமுறைக்கு உதவும் விஷயமும் இருக்கிறது. இந்தியாவின் பல ஊர்களில் கிட்டார் டெக்னீஷியன் கிடையாது. ஆனால் வீணையோ சித்தாரோ பழுது பார்க்கும் ஒருவர் இருக்கலாம். மகாராஷ்டிராவின் மிரஜ் போன்ற ஊரில் தெருவே இருக்கிறது. அந்த ஊர் சித்தாருக்கும் தம்புராவுக்கும் 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கை அரத்தால் உணரும் கை அவர்களுடையது. உங்கள் கிட்டாரை அவரிடம் கொண்டுபோனால் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஜவாரி வேண்டாம், அதற்கு நேர் எதிரானது வேண்டும். கம்பி ஃப்ரெட் பக்கத்து விளிம்பில் ஒரே புள்ளியில் முடிய வேண்டும்.

எலும்பா, பிளாஸ்டிக்கா?

விலை குறைந்த கிட்டார்களில் வருவது பிளாஸ்டிக் நட், சிலவற்றில் அடியில் உள்ளீடற்றது. மாற்றுவதாக இருந்தால் பலரும் பரிந்துரைப்பது எலும்பு. கடினமானது, கம்பி வழுக்கிப் போகும், நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். ஒரு காலத்தில் உயர்ந்த வாத்தியங்களுக்கு யானைத் தந்தம் போட்டார்கள். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986 திருத்தம் உள்நாட்டுத் தந்த வணிகத்தை நிறுத்தியது, 1991 திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவை மூடியது. பழைய தந்தத் துண்டு இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், அது குற்றம்.

எருமை எலும்புக்கு அந்தத் தடை இல்லை. உத்தரப் பிரதேசத்தின் சம்பல் மாவட்டத்தில், சராய் தரீன் பகுதியில், கொம்பையும் எலும்பையும் சீவிப் பொத்தான், கத்திப்பிடி, நகை, போட்டோ ஃப்ரேம் செய்யும் தொழில் தலைமுறைகளாக நடக்கிறது. அந்த மாநிலத்தின் ‘ஒரு மாவட்டம், ஒரு பொருள்’ திட்டத்தில் சம்பலுக்கான பொருளே இதுதான். எலும்புத் துண்டு வாங்கும்போது துளைகள் இல்லாமல் அடர்த்தியாக இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள்.

வீட்டில் எலும்பு கூடாது என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு டஸ்க் என்ற செயற்கைப் பொருள் இருக்கிறது; கனடாவின் கிராஃப் டெக் நிறுவனம் தயாரிப்பது. இன்னொரு வழி, சமையலறை மேடைக்குப் போடும் கோரியன். மேடை போடும் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள். அமெரிக்காவில் சில கிட்டார் நிறுவனங்களே இதை நட்டுக்குப் பயன்படுத்தியிருக்கின்றன.

‘எலும்பு போட்டால் டோன் மாறும்’ என்பார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எந்த ஃப்ரெட்டை அழுத்தினாலும் அந்த நொடியில் கம்பி அந்த உலோக ஃப்ரெட்டிலிருந்துதான் அதிர்கிறது; நட் ஆட்டத்திலேயே இல்லை. விரல் வைக்காத கம்பிகளில் மட்டும்தான் அதற்குப் பேச்சுரிமை. என் கருத்து: டோனுக்காகக் காசு கொடுக்காதீர்கள், வழுக்கலுக்கும் உறுதிக்கும் கொடுங்கள்.

முதல் முறை செய்பவர்கள் பள்ளம் வெட்டி வரும் நட்டையே வாங்குங்கள். அகலம், தடிமன், உயரம், இரண்டு ஈ கம்பிகளுக்கும் நடுவே உள்ள தூரம், அடிப்பகுதி தட்டையா வளைவா, இந்த ஐந்தையும் பழைய நட்டோடு ஒப்பிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும். ஃபெண்டர் வகையில் சிலவற்றின் அடி வளைவாக இருக்கும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. கைவசம் இல்லையென்றால் லேத் பட்டறையில் இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கலாம்.

பழையதைக் கழற்றுவது

கிட்டார் கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நட்டைச் சுற்றி வார்னிஷ் படிந்திருக்கும். அப்படியே தட்டினால் வார்னிஷ் சில்லு சில்லாகப் பெயரும், சில நேரம் மரத்தையும் சேர்த்து. அதனால் கூர்மையான பிளேடால் நட்டும் மரமும் சேரும் கோட்டில், எல்லாப் பக்கமும், மெதுவாக மூன்று நான்கு முறை கீறிவிட வேண்டும்.

பிறகு செய்ய வேண்டியது கிட்டாரின் வகையைப் பொறுத்தது. கிப்ஸன் வகையில் நட் ஃப்ரெட்போர்டின் முனையில் படி போன்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஃப்ரெட்போர்டு பக்கத்திலிருந்து நட்டின்மேல் ஒரு சின்ன மரக்கட்டையை வைத்து, தலைப்பகுதியை நோக்கி லேசாகத் தட்டினால் பசை விட்டுக் கவிழ்ந்துவிடும். லேசாக என்றால் கொட்டைப் பாக்கு உடைக்கும் வேகம்கூட வேண்டாம்.

ஃபெண்டர் வகையில் இப்படித் தட்டவே கூடாது. நட் ஒரு காடியில் புதைந்திருக்கும். இரண்டு பக்கமும் மரச் சுவர். தட்டினால் சுவர் உடையும். கொறடால் பிடித்து, ஒரு முனை மறு முனை என்று மாற்றி மாற்றி மேல்நோக்கி அசைத்து எடுக்க வேண்டும். அடம்பிடித்தால் நட்டின் நடுவே நீளவாக்கில் மெல்லிய ஹேக்ஸா பிளேடால், அடி மரத்தைத் தொடாமல், அறுத்துவிடுங்கள். பிறகு இரண்டு பாதிகளையும் கொறடால் நெருக்கினால் உள்பக்கமாக மடங்கி வந்துவிடும். பழைய நட் போச்சு, ஆனால் கிட்டார் பிழைக்கும்.

காடியில் மிஞ்சிய பசையைச் சின்ன உளியால் சுரண்டி எடுங்கள். பசையை மட்டும். மரத்தைச் சுரண்டினால் அதுவும் உயரக் கணக்கில் சேர்ந்துவிடும்.

புதியதைப் பொருத்துவது

கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் 220 எண் உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி ஏனென்றால் வீட்டில் உள்ள பொருட்களில் உண்மையிலேயே தட்டையானது அதுதான். முதலில் நட்டின் தடிமனைத் தேய்த்துக் காடிக்குள் பொருத்த வேண்டும். விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், கிட்டாரைக் கவிழ்த்தால் விழக்கூடாது, கையால் இழுத்தால் வர வேண்டும். எலும்பைத் தேய்க்கும்போது பல் டாக்டர் கிளினிக் வாசனை வரும். பயப்பட வேண்டாம், ஆனால் மாஸ்க் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு, தாளைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டால் தூள் பறக்காது.

பள்ளம் வெட்டி வந்த நட் என்றால் பசை போடாமல் வைத்து, கம்பி மாட்டி, சுருதி சேர்த்து, ஏ4 தாள் சோதனையைச் செய்யுங்கள். எவ்வளவு குறைய வேண்டுமோ அதன் இரு மடங்கை நட்டின் அடியில் தேய்க்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் தேய்க்காதீர்கள். 0.6 வேண்டும் என்றால் 0.4 தேய்த்துவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். கம்பியைக் கழற்றி மாட்டுவது எரிச்சலான வேலைதான். தளர்த்திப் பக்கவாட்டில் ஒதுக்கினாலே போதும், முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை.

வெற்றுத் துண்டிலிருந்து நீங்களே செய்யப் போகிறீர்களா? அப்படியானால் இன்னும் இரண்டு வேலை.

ஒன்று, கம்பிகளின் இடைவெளி. மையத்திலிருந்து மையம் சம தூரம் வைத்தால் சரியாக இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் கம்பிகள் ஒரே தடிமன் இல்லை. 10 கேஜ் செட்டில் மெல்லிய ஈ 0.25 மி.மீ., தடித்த ஈ 1.17. இரண்டு ஈ மையங்களுக்கும் நடுவே 35.5 மி.மீ. என்று வைத்து ஐந்தால் வகுத்தால் ஒவ்வொன்றும் 7.1. ஆனால் விரல் நுழையும் காலி இடம் தடித்த பக்கம் 6.06, மெல்லிய பக்கம் 6.81 என்று ஆகிவிடும். முக்கால் மி.மீ. வித்தியாசம் விரலுக்குத் தெரியும். அதனால் காலி இடங்களைச் சமமாக்க வேண்டும். நான் எக்செல்லில் போட்டேன்: காலி இடம் எல்லாம் 6.49. மையத்திலிருந்து மையம், தடித்த பக்கத்திலிருந்து 7.53, 7.28, 7.04, 6.87, 6.78. உங்கள் கிட்டாரில் ஈ-க்கு ஈ தூரம் வேறாக இருந்தால், கூடுதலையோ குறைவையோ ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு ஓரக் கம்பிகளும் நெக்கின் விளிம்பிலிருந்து மூன்று மி.மீ.க்குக் குறையாமல் உள்ளே இருக்கட்டும்; இல்லாவிட்டால் வாசிக்கும்போது கம்பி வழுக்கிக் கீழே விழும்.

இரண்டு, பள்ளம் வெட்டுவது. இதற்கென்று கம்பித் தடிமனுக்கு ஏற்ற அரங்கள் உண்டு. நல்ல செட்டின் விலையில் தொடக்கநிலை கிட்டார் ஒன்றே வாங்கிவிடலாம் என்பதுதான் சிக்கல். ஒரே ஒரு நட்டுக்காக அதை வாங்குவது அநியாயம். ஹார்டுவேர் கடையில் கேஸ் வெல்டிங் நாசில் க்ளீனர் என்று கேளுங்கள். விதவிதமான தடிமனில் குட்டி உருளை அரங்கள் ஒரு தகர உறையில் வரும். வளையும் தன்மை உள்ளவை, அதனால் பொறுமை வேண்டும். தடித்த மூன்று கம்பிகளுக்கு, கழற்றிப் போட்ட பழைய கம்பியையே ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்தாலும் பள்ளம் விழும்.

பள்ளம் கம்பியைவிட ஒரு மயிரிழை அகலம். ட்யூனர் பக்கம் சரிவு. உச்சம் ஃப்ரெட் பக்கத்து விளிம்பில். ஆழம் எவ்வளவு என்பதற்கு டூவீலர் மெக்கானிக் டேப்பெட் அட்ஜஸ்ட் செய்யும்போது நுழைத்துப் பார்க்கும் ஃபீலர் கேஜ் போதும். மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். முதல் ஃப்ரெட்டின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள், உதாரணமாக 1.0 மி.மீ. அதோடு 0.2 சேர்த்து, 1.2 வரும்படி தகடுகளை அடுக்கி நட்டை ஒட்டி ஃப்ரெட்போர்டின்மேல் வையுங்கள். அரம் தகட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். அதற்குக் கீழே போகவே கூடாது. உண்மையில் தகட்டுக்கு ஒரு தாள் தடிமன் மேலேயே நிறுத்திவிட்டு, மீதியை கம்பி மாட்டிய பிறகு பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நான் அந்தப் புத்திசாலித்தனத்தைக் காட்டவில்லை. ஐந்து பள்ளம் அழகாக வந்த மிதப்பில் ஜி கம்பியை இரண்டு இழுப்பு அதிகமாக இழுத்துவிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு ‘ஸொய்ங்’. இதற்கு ஒரு முதலுதவி உண்டு. பள்ளத்தில் எலும்புத் தூளையோ சமையல் சோடாவையோ நிரப்பி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் கல்லாக இறுகிவிடும். மறுபடி அரம் போடலாம். ஃப்ரெட்போர்டில் பசை சிந்தாமல் இருக்க, சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டுச் செய்யுங்கள். என் ஜி கம்பி இன்றும் சோடா உப்பின்மேல்தான் ஓடுகிறது. நிரந்தரம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நன்றாகவே தாங்குகிறது.

கடைசியாக, தடித்த கம்பிகள் பாதி மட்டும் பள்ளத்துக்குள் இருக்கும்படி நட்டின் மேற்பகுதியைத் தேய்த்துக் குறையுங்கள். ஓரங்களை உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளங்கையைக் கிழிக்கும். 400, 1000 என்று வாட்டர் பேப்பர் போட்டால் பளபளப்பு வந்துவிடும். பள்ளங்களுக்குள் பென்சில் முனையால் நாலு தடவை தேயுங்கள். கிராஃபைட் கம்பியை வழுக்க வைக்கும்.

பசை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுங்கள். அடியில் ஃபெவிகால் இரண்டு புள்ளி. கம்பிகளின் இழுவையே நட்டைப் பிடித்து வைத்திருக்கும். பசை, கம்பி மாற்றும்போது அது நகராமல் இருக்கத்தான். காடி முழுக்க ஃபெவிக்விக் ஊற்றினால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களைச் சபிப்பார். அது நீங்களாகவே இருக்கலாம்.

யார் செய்யக் கூடாது?

அப்பா காலத்து கிட்டார், விலை லட்சத்தைத் தொடும் கிட்டார் என்றால் அனுபவசாலியிடம் கொடுங்கள். மூன்று ஸ்க்ரூ போட்டுக் கம்பிகளைப் பூட்டும் உலோக நட் இருந்தால், அது ஃபிளாய்ட் ரோஸ் வகை. அதில் பள்ளத்தை அராவுவது கிடையாது, அடியில் மெல்லிய தகடு வைத்தோ எடுத்தோ உயரத்தை மாற்றுவார்கள்.

கடைக்காரர் பார்த்த உடனே ‘வேற கிட்டார் வாங்கிடுங்க’ என்றால், இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் நடுவே கம்பியை அழுத்தி அவருக்கு அந்த இடைவெளியைக் காட்டுங்கள். எனக்கு அப்படிச் சொன்ன கடையில் நான் காட்டவில்லை, காட்டத் தெரியவும் இல்லை. அந்த கிட்டாரைத்தான் பிறகு நானே பிரித்தேன். இப்போது அதில் ஒரு தாள்தான் நுழைகிறது. எஃப் கார்ட் ஆறு கம்பியும் ஒலிக்கிறது, பி கம்பி மட்டும் அவ்வப்போது ஊமையாகிறது. அது நிஜமாகவே என் விரல்தான்.